துண்டுக்கடியில் ஓர் ஈரல்

மருந்து மெதுவாகத்தான் இறங்கும், ஒரு மணி நேரம் பிடிக்கும், வேகமாக ஏற்றினால் கிட்னிக்கு ஆகாது என்று நர்ஸ் சொன்னதை நாட்ராயன் நம்பவில்லை. முப்பத்தெட்டு வருசம் மாட்டுச் சந்தையில் தரகு பார்த்த மனுசன், யார் வாயிலிருந்தும் முதலில் வருவதை நம்பிக் கெட்டதில்லை. முதலில் வருவது சொல்விலை. நிசம் அதற்கு மூன்று படி கீழே குத்தவைத்து உட்கார்ந்திருக்கும். "அம்மிணி, ஒரு மணி நேரத்த அரை மணி நேரமாப் பண்ணிக்குடு. இல்லாட்டி காலைலது, மத்தியானத்துது, ராத்திரிது மூணையும் ஒரே மூச்சுல ஏத்தி உட்டுரு. உனக்கும் நடை மிச்சம், எனக்கும் பொழுது மிச்சம்" என்று கேட்டுப் பார்த்தார். அவள் பாலக்காட்டுப் பெண். "அங்கிள், இது மருந்து. மாடு அல்ல, கேட்டோ" என்று சொல்லிவிட்டு, குழாயில் இருந்த சக்கரத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டுப் போனாள். பேரம் பேசியதற்குத் தண்டனை. குத்தியதுதான் குத்தினாள், வலது கையிலா குத்துவாள்? நாட்ராயனின் வலது கை கையல்ல, கடை. துண்டைப் போட்டு மூடி அதற்கடியில் எதிராளியின் விரலைப் பிடித்தால், ஒரு விரல் ஒன்று, நாலு விரல் நாலு, உள்ளங்கையை ஓர் அழுத்து அழுத்தினால் பத்து. சுற்றி நூறு பேர் வாயைப் பிளந்து நின்றாலும் விலை அந்த இரண்டு கைகளுக்கு மட்டும்தான் தெரியும். அந்தக் கடையைப் பிளாஸ்திரி ஒட்டிப் பூட்டிவிட்டார்கள். சுவரில் கடிகாரம் பத்து மணி காட்டியது. பதினோரு மணிக்கு டாக்டரம்மா திரும்ப வருவார். மெகருன்னிசா டாக்டரம்மா, சின்ன உருவம், பெரிய கண்ணாடி, குரலில் ஒரு பிசிறு கிடையாது. போகும்போது கட்டிலின் கால்மாட்டில் நின்று சொன்னதுதான் இப்போது மண்டைக்குள் ஈ மாதிரி சுற்றுகிறது. "பிரஷர் இறங்குது. சர்க்கரையும் இறங்குது. இது வைரஸ் மட்டும் பண்ற வேலையில்லைங்க. நீங்க எதையோ ரொம்ப நாள் சாப்பிட்டுட்டுச் சடார்னு நிறுத்தியிருக்கீங்க. அதுக்கு மாற்று மருந்து குடுத்தா வைரஸ் இன்னும் ஆடும், குடுக்காட்டி பிரஷர் விழுந்துரும். ஊகத்துல என்னால தர முடியாது. மூட்டு வலிக்குப் பொடியோ மாத்திரையோ, என்னவா இருந்தாலும் சரி. ஒரு நாளைக்கு எத்தனை, மொத்தம் எத்தனை நாள். ரெண்டே ரெண்டு எண்ணு. அது தெரியாம உங்களை நான் காப்பாத்த முடியாது." அதற்கு நாட்ராயன் சொன்னார்: "ஒண்ணுமில்லீங்." மூன்று நாளில் ஐந்தாவது தடவையாகச் சொன்னார். சொல்லும்போது கண் டாக்டரம்மாவைப் பார்க்கவில்லை, ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து, நோயாளிக்கென்று தான் வாங்கி வந்த ஆரஞ்சைத் தானே உரித்துத் தின்றுகொண்டிருந்த ரத்தினத்தைப் பார்த்தது.

ரத்தினம் இன்னொரு தரகர். உடுமலைக்காரன். பார்க்க வந்தவன் பார்த்துவிட்டுப் போகவேண்டாமா? காலை எட்டு மணிக்கு வந்தவன் இன்னும் உட்கார்ந்திருக்கிறான், கன்றுக்குட்டிக்கு முன்னால் ஈ உட்கார்ந்த மாதிரி. இவன் காதில் ஒன்று விழுந்தால் செவ்வாய்ச் சந்தைக்குள் எருமைக்குக்கூடத் தெரிந்துவிடும். "நாலாயிரத்து எரநூறா மாப்ள?" என்றான் ரத்தினம், சுளையை வாயில் போட்டபடி. "நல்ல வெலைதான்." நாலாயிரத்து இருநூறு. அது ஈரலில் இருந்து ரத்தத்தில் கசிகிற ஏதோ ஒரு சத்தின் அளவாம். நாற்பதுக்குள் இருக்கவேண்டுமாம். முதல் நாள் அந்த எண்ணைச் சொன்னபோது நாட்ராயன் பழக்கதோசத்தில், "கடைசியா எவ்வளவுக்கு எறக்குவீங்க?" என்று கேட்டுவிட்டார். டாக்டரம்மா சிரிக்காமல், "நாப்பதுக்கு" என்றார். அந்த ஒரு பதிலுக்காக அவர் மேல் மரியாதை வந்துவிட்டது. நாலாயிரத்து இருநூறைப் பார்த்து நாற்பது கேட்கிற துணிச்சல் சந்தையில் எவனுக்கும் இல்லை. ஆனால் ஈரல் என்றதும் ஊரே மூக்கைப் பிடித்துக்கொண்டு கேட்கிறது, எத்தனை பாட்டில் என்று. நாட்ராயன் டீக்கு மேல் எதையும் குடித்ததில்லை. கோபம் மட்டும்தான் உண்டு. கோபத்துக்குப் பாட்டில் கிடையாதே. ஒருவேளை கோபம்தான் போய் அங்கே தங்குகிறதோ, பித்தம் என்கிறார்களே, சேவூர்க்காரன் கிழட்டு மாட்டின் பல்லை அரத்தால் தேய்த்து இளங்காளை என்று தள்ளப் பார்த்த அன்றைக்கு ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லையே, அது எங்கே போயிருக்கும், வலது விலாவுக்கடியில் இப்போது கல் வைத்த மாதிரி இருக்கிற இடம் அதுதானோ. மாட்டுக்கு ஈரலில் பூச்சி விழுந்தால் தாடைக்கடியில் பை தொங்கும், காது துவளும், ஒரு தட்டு தட்டினால் நாட்ராயனுக்குத் தெரிந்துவிடும். மனுசனுக்குத் தட்டிப் பார்க்க எவன் இருக்கிறான். வயிறு கத்தும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், பல்லு வலித்தால் ஊரைக் கூட்டும். ஈரல் மட்டும் நல்ல எருது. விழுகிற நாள் வரைக்கும் முனகாமல் இழுக்கும். அதனால்தான் அவர் முதல் நாளே சொந்தமாகச் சோதித்துப் பார்த்தார். பெண்டாட்டி பாவாத்தாள் கொண்டுவந்த வெறுஞ்சோற்றில் ஒரு பிடி எடுத்து, பேப்பர் கப்பில் மூத்திரம் பெய்து அதில் ஊறப்போட்டு, குளியலறை வாளிக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். காமாலை இருந்தால் சோறு மஞ்சளாகும். காலையில் பார்த்தால் சோறு மல்லிகைப்பூ. அந்தக் கப்பை நர்சுக்கு முன்னால் நீட்டி, "பாரு அம்மிணி, ஈரல் சுத்தம். சீட்டக் கிழிச்சுக் குடு, நான் கெளம்பறேன்" என்றபோது அவள் போட்ட கத்தலில் பக்கத்து வார்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள். டாக்டரம்மா மட்டும் கப்பைப் பொறுமையாகப் பார்த்தார். "சோறு பொய் சொல்லலைங்க. ஆனா இந்த வைரஸ் ஈரலுக்குள்ள பூந்தா கண்ணு மஞ்சளாகணும்னு இல்லை. மஞ்சளைக் காட்டாமலே ஈரலைத் தின்னுட்டுப் போயிரும். பாதிப் பேருக்கு நாங்க கண்டுபிடிக்கறதுக்குள்ள நேரம் முடிஞ்சிருது." பாதிப் பேர். பத்து மாட்டில் ஐந்து. அந்தக் கணக்கில் தான் எந்தப் பக்கத்து ஐந்தில் நிற்கிறோம் என்று சோற்றைக் கேட்டால் சொல்லாது.

சொட்டு நின்றுவிட்டதா? இல்லை, விழுகிறது. விழுவதற்கு முன்னால் நுனியில் தொங்கிக்கொண்டு யோசிக்கிறது, விற்க மனசில்லாத சம்சாரி மாதிரி. அந்த வைரசின் பேர் நாக்கில் நிற்கவில்லை, எர்ப்பீசோ என்னமோ, ரத்தினம் அதைக் கேட்டதும் புருவத்தை ஏற்றி இறக்கி, "இந்தப் பேர நான் வேற மாதிரி எடத்துல கேள்விப்பட்டிருக்கறேனே மாப்ள" என்று இளித்தான். பாவாத்தாள் தலையைக்கூடத் திருப்பவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கத்துகிற பொம்பளையைச் சமாளிக்கலாம், சும்மா இருக்கிற பொம்பளை என்ன விலையில் நிற்கிறாள் என்று யாருக்குத் தெரியும். நல்லவேளை டாக்டரம்மாவே சொன்னார், அது வேற வகை, இது உதட்டில் வருவது என்று. உதட்டில் வருவது நாட்ராயனுக்குப் பழைய உறவு. காய்ச்சல் வந்தால், வெயிலில் நடந்தால், பெரிய சந்தைக்கு முந்தின நாள், கீழுதட்டோரம் கடுகு கடுகாய்க் கொப்புளம். பல்லி மூத்திரம் என்று சுண்ணாம்பு வைப்பார். ஒரு வாரத்தில் போய்விடும். போகவில்லையாம். அது போகவே போகாதாம். உதட்டிலிருந்து பின்னால் நரம்புக்குள் ஊர்ந்து, காதோரத்துக்கு உள்ளே ஒரு முடிச்சில் சுருண்டு படுத்துக்கொண்டு, உடம்புக்குக் காவல் குறையும் நாளுக்காகக் காத்திருக்குமாம். ஐம்பத்தாறு வருசம் வாடகை தராமல் குடியிருக்கிறது, குடியிருந்தது போதாதென்று இப்போது உள்வீட்டுக்கு வந்து ஈரலைப் பிடித்துக்கொண்டது. "இது எனக்கு எங்கிருந்துங் வந்துது?" என்று கேட்டதற்கு டாக்டரம்மா சீட்டில் எழுதிக்கொண்டே, "பெரும்பாலும் கைக்குழந்தையா இருக்கும்போதே வந்துரும். யாராவது முத்தம் குடுக்கறப்ப" என்றார். அந்த இடத்தில்தான் நாட்ராயனின் புத்தி நேற்றிலிருந்து இடறிக்கொண்டே இருக்கிறது. யார் முத்தம் கொடுத்தது? ஆத்தா அவர் எட்டு மாசத்துப் பிள்ளையாக இருக்கும்போது காலராவில் போனாள். அப்பன் அடுத்த வருசமே கரும்பு வெட்டப் போன இடத்தில் தங்கிவிட்டான். வளர்த்தது சித்தி, சித்தி கொடுத்ததெல்லாம் முதுகில் கொடுத்தாள். அப்புறம் சந்தை டீக்கடை, அங்கே முதலாளி கொடுத்ததும் முதுகில்தான், மாட்டுக்காரன் கொடுத்தது காதோரத்தில், போலீசு கொடுத்தது உள்ளங்காலில். நினைவு தெரிந்த நாளிலிருந்து யார் யார் என்ன கொடுத்தார்கள் என்று உடம்பில் இடம் இடமாகச் சொல்ல முடியும், உதட்டில் கொடுத்தவர் ஒருவரும் இல்லை. அப்படியானால் அந்த எட்டு மாசத்துக்குள் நடந்ததுதான். அவளுக்கும் உதட்டோரம் கடுகுக் கொப்புளம் இருந்திருக்கவேண்டும். காடு வெட்டிவிட்டு வந்து, வெயில் காய்ச்சலோடு, தொட்டிலில் குனிந்து. போட்டோகூட இல்லாதவள். காதுத் தோடு, சேலை, ஒன்றும் மிஞ்சவில்லை, எல்லாம் சித்தி எடுத்துக்கொண்டாள் என்று இத்தனை வருசம் எண்ணி எண்ணிக் காய்ந்தாரே, ஒரு சொத்து மட்டும் சித்தி கைக்கு எட்டாத இடத்தில், நரம்பு முடிச்சுக்குள், பத்திரமாக இருந்திருக்கிறது. கண் கரித்தது. சேச்சே, இந்த மருந்துதான். ஆத்தா குடுத்தாளே குடுத்தாள், ஈரலைத் தின்னாத ஒன்றைக் குடுத்திருக்கக்கூடாதா. இன்னொன்றும் இடறியது: பாவாத்தாளுக்கும் வருசத்துக்கு ஒருதரம் உதட்டில் அதே கடுகு வரும். கல்யாணத்துக்கு முன்னால் வந்ததாக அவள் சொன்னதில்லை. நாட்ராயன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே ரத்தினம். மறுபடி கூரையைப் பார்த்தார்.

பத்து நாற்பது. பாட்டில் பாதிக்குக் கீழே. முதுகு நனைந்துவிட்டது, கை காலெல்லாம் ஐஸ், கூரை விசிறி ஒரு சுற்றுக்கு ஒருமுறை கொஞ்சம் இறங்கி வருகிற மாதிரி இருக்கிறது. "ஏனுங், கை இப்பிடிச் சில்லுனு கெடக்குது" என்று பாவாத்தாள் அவருடைய இடது கையை எடுத்துத் துண்டால் மூடித் தேய்க்க ஆரம்பித்தாள். அவர் தோளில் எப்போதும் கிடக்கும் அதே துண்டு. சொல்லிவிடலாமா? என்ன சொல்வது? முப்பத்தெட்டு வருசத்தில் நாட்ராயனை ஒருத்தன் ஏமாற்றினான் என்று இல்லை. அதுதான் அவருடைய பட்டம், பாஸ்புத்தகம், குலப்பெருமை எல்லாம். அந்த நாட்ராயன், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வேனுக்குள் உட்கார்ந்து மூட்டு வலிப் பொடி விற்ற எவனோ ஒருத்தனிடம். வெள்ளைப் பொடி, பேப்பர்ப் பொட்டணம், ஒரு நாளைக்கு ஒன்று என்றான். இரண்டு மணி நேரம் பேசினார். துண்டைப் போட்டு மூடி விரல் பிடித்துப் பேசினார், வேன்காரனுக்கு விரல் பாசையே தெரியாது, அதையும் சொல்லிக்கொடுத்துப் பேசினார். கடைசியில் ஒரு பொட்டண விலைக்கு நாலு பொட்டணம் படிந்தது, அந்தக் கணக்கில் ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டார். பஸ்சில் வரும்போது உள்ளுக்குள் குதித்த குதி! வீட்டுக்கு வந்து மூக்கணாங்கயிற்று மூட்டைக்குள் ஒளித்து வைத்தார். விலைக்கு வாங்கியது ஒன்று, நாலு வந்தது, நாலையும் வைத்துக்கொண்டு ஒன்றைத் தின்றால் பேரம் பேசியதற்கு அர்த்தம் என்ன? நாலையும் தின்றார். தினமும். முட்டி வலி மூன்றாம் நாளே பறந்தது. பசி பிய்த்தது. அறுத்துக்கொண்டு ஓடிய கிடாரிக் கன்றை இளவட்டம் மாதிரி துரத்திப் பிடித்தார். முகம் உப்பி, கன்னம் மினுமினுத்து, சந்தையே "என்னங் நாட்ராயண்ணா, புதுமாப்பிள்ளைக் களை" என்றது. ரத்தினம்கூட அப்போது அவர் முகத்தைப் பார்த்து, பார்த்து, ஒன்றும் சொல்லவில்லை. பொறாமை என்று நினைத்தார். நேற்று ராத்திரி குளியலறைக் கண்ணாடியில் அந்த உருண்டை முகத்தைப் பார்த்தபோதுதான் பொட்டில் அறைந்த மாதிரி விளங்கியது. மாட்டுக்கு உப்பை நக்கவைத்து, தொட்டி தொட்டியாகத் தண்ணீர் காட்டி, விலா தெரியாமல் ஊதவைத்துச் சந்தைக்கு ஓட்டிவருவானே, அந்த வேலை. வந்த வேகத்திலேயே தட்டிப் பார்த்து, "எப்பா, தண்ணி மாட்ட ஓட்டிட்டுப் போயி ஊட்டுல கட்டு" என்று எத்தனை பேரை முகத்துக்கு நேரே விரட்டியிருக்கிறார். அதே உப்பு, அதே தண்ணி, மாடு மட்டும் இவரே. அந்தப் பொடி வெளியே வாசலில் மாவிலை கட்டிவிட்டு உள்ளே காவல்காரனைக் கொன்றிருக்கிறது. காவல் போன அன்றைக்கு ஆத்தாளின் சொத்து முடிச்சை அவிழ்த்துக்கொண்டு ஈரலுக்கு நடந்து வந்துவிட்டது. இதை வாயைத் திறந்து சொல்ல வேண்டும். யார் முன்னால்? உரித்த ஆரஞ்சுத் தோலைச் சன்னலில் அடுக்கி வைத்துக்கொண்டிருக்கிற இவன் முன்னால். "தண்ணி மாடு" என்பான். சாகும்வரை அதுதான் பேர். செத்த பிறகும் அதுதான், 'தண்ணி மாடு நாட்ராயன் காரியம் இன்னைக்கு' என்று போஸ்டர் ஒட்டாத குறைதான். சாவு பெரிதா, பேர் பெரிதா? செத்துப்போனால் பேரைக் கேட்க ஆள் இருக்காது. அப்படியானால் சாவுதான் லாபம். இல்லை, அது எப்படி லாபமாகும், இரு, எங்கேயோ கணக்கு உதைக்கிறது, விசிறி இன்னும் ஒரு சாண் இறங்கிவிட்டது. "ரத்தினம், நீ போயி ஒரு டீ குடிச்சுட்டு வாயேன்" என்றார். "இருக்கட்டும் மாப்ள. உன்ன இந்த நெலமைல உட்டுட்டு எனக்கு டீ எறங்குமா?" என்றான் அவன், உருண்டைக் கன்னம் மினுமினுக்க.

டாக்டரம்மா பதினொன்றுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போதே வந்துவிட்டார். இது அநியாயம், பேசிய நேரத்துக்கு முன்னால் சரக்கை இறக்குவது எந்தச் சந்தையிலும் வழக்கமில்லை. நர்ஸ் பிரஷர் பட்டையைச் சுற்றி அமுக்கினாள், எண்ணைச் சொல்லாமல் டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை நாட்ராயனுக்குத் தெரியும். மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டு வாங்க வந்தவன் தன் கூட்டாளியைப் பார்க்கும் பார்வை. "கடைசியாக் கேட்கறேங்க. ஒரு நாளைக்கு எத்தனை? எத்தனை நாள்?" ரத்தினம் மெல்லுவதை நிறுத்திவிட்டான். வாய் திறந்தது. ஐம்பத்தாறு வருசத்துப் பழக்கம் அது, அடி விழுந்தாலும் வலிக்கலை என்று சொல்லிப் பழகிய வாய். "ஒண்ணுமில்லீங்" என்றது. ஆனால் துண்டுக்கடியில், பாவாத்தாளின் சூடான கைக்குள் கிடந்த இடது கைக்கு அந்தப் பழக்கம் கிடையாது. கைக்கு எப்போதும் நிசம் மட்டும்தான் தெரியும். அது நாட்ராயனைக் கேட்காமல் அவளுடைய நாலு விரலைச் சேர்த்துப் பிடித்தது. விட்டது. பிறகு அவள் உள்ளங்கையை அழுத்தியது, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பிடித்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. என்ன பிரயோசனம், சுவரைப் பிடித்து அழுத்தியிருந்தாலும் ஒன்றுதான், பொம்பளைக்கு என்ன தெரியும் விரல் பாசை. "நாலுங் டாக்டரம்மா" என்றாள் பாவாத்தாள். "ஒரு நாளைக்கு நாலு. நாப்பது நாளு."

விசிறி ஒரு சுற்று நின்று சுற்றியது மாதிரி இருந்தது. "என்ன நாலு?" என்றார் டாக்டரம்மா. அவள், "அது எனக்குத் தெரியாதுங். எண்ணு மட்டுந்தான் வந்துது" என்றாள். நாட்ராயன் பெண்டாட்டியைப் பார்த்தார். "இது உனக்கு எப்பிடித் தெரியும்?" "எதுங், இந்த வெரலா? முப்பத்தொரு வருசமாத் தூக்கத்துல யாரு கையப் புடிச்சு யாவாரம் பேசறீங்கன்னு நெனச்சீங்க? மொத வருசம் ஆசையாப் புடிக்கறீங்கன்னு நெனச்சுட்டன்." நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். முப்பத்தொரு வருசம். எத்தனை ஜோடிக் காளை, எத்தனை ரகசியம், ஊத்துக்குளிக்காரனுக்குச் சொன்னது ஒன்று படிந்தது ஒன்று, எல்லாம் முந்தின ராத்திரியே பாயில் விற்று முடிந்திருக்கிறது. இதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது. "பொட்டணமுங்" என்றார் நாட்ராயன் கூரையைப் பார்த்து. "மூட்டு வலிப் பொடி. பஸ் ஸ்டாண்டு பின்னால ஒரு வேன்காரன். ஒண்ணு விலைக்கு நாலு குடுத்தான், நாலையுந் தின்னுபோட்டன். இங்க வந்த அன்னைக்கு நிறுத்துனன்." டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், நர்சிடம் ஏதோ ஒரு மருந்தின் பேரை வேகமாகச் சொன்னார், அவள் ஓடினாள். அவ்வளவுதான், போச்சு. நாட்ராயன் கண்ணை மூடிக்கொண்டு ரத்தினத்தின் வாயிலிருந்து 'தண்ணி மாடு' வருவதற்காகக் காத்திருந்தார். வரவில்லை. கண்ணைத் திறந்தார். ரத்தினம் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டிருந்தான், கையில் ஒற்றைச் சுளை. "நாலா?" என்றான். "நாலா குடுத்தான் உனக்கு? எனக்கு மூணுக்கு மேல படியவே மாட்டன்னு சத்தியம் பண்ணுனானே, திருட்டு நாயி!" சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. டாக்டரம்மா மெதுவாகத் திரும்பி, அந்த உருண்டையான மினுமினுப்பு முகத்தை முதன்முறையாக நன்றாகப் பார்த்தார். "நீங்க உக்காருங்க" என்றார். "எந்திரிக்காதீங்க. அந்தப் பொடியை நீங்களா நிறுத்தவும் நிறுத்தாதீங்க. ரத்தம் எடுக்க ஆள் அனுப்பறேன்." மூன்று. ரத்தினத்துக்கு மூன்றுதான். நாட்ராயனுக்குக் கல் வைத்த விலாவுக்குள் ஏதோ இளகியது. நாலாயிரத்து இருநூறில் ஓர் ஐந்நூறு அந்த நிமிசமே இறங்கியிருக்கும்.

நர்ஸ் புது மருந்தை ஏற்றிவிட்டுப் போனாள். விசிறி கொஞ்சம் கொஞ்சமாகத் தன் இடத்துக்கு ஏறியது. "இனி வழி தெரியுது" என்றார் டாக்டரம்மா. "பிழைச்சாச்சுன்னு சொல்லமாட்டேன். ஆனா வழி தெரியுது. மூணு வாரம் இந்த மருந்து ஏத்தணும், எட்டு மணி நேரத்துக்கு ஒருதரம்." மூன்று வாரமா? மூன்று என்பது சொல்விலை. நாட்ராயன் வாயைத் திறக்கவில்லை, துண்டுக்கடியில் பாவாத்தாளின் இரண்டு விரலைப் பிடித்தார். டாக்டரம்மாவிடம் இதைச் சொல்லு என்று ஓர் இழுப்பு இழுத்தார். அவள் மூன்றாவது விரலையும் அவர் பிடிக்குள் திணித்தாள். தள்ளிவிட்டார். மறுபடி திணித்தாள். துண்டு, சாக்குக்குள் போட்ட கோழி மாதிரி துள்ளியது. கையில் ரத்தம் எடுக்கச் சட்டையைச் சுருட்டிக்கொண்டிருந்த ரத்தினம், பயத்தையும் மீறி, தொழில் வாசனையில் எட்டிப் பார்த்து, "என்ன, படிஞ்சுதா?" என்றான். "படிஞ்சுதுங்ணா" என்றாள் பாவாத்தாள். "மூணு." பேரம் முடிந்தால் கையை உதறி எடுத்துக்கொள்வதுதான் சந்தை வழக்கம். நாட்ராயன் எடுக்கவில்லை.